நான் எந்த ஊரில் தூங்கினால் கம்பெனிக்கு என்ன?

பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்ப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு. ஆபீசில் யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று எல்லாம் தெரியும், எதையும் வெளியே சொல்ல முடியாது. அதனால் இதில் வரும் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, கம்பெனிக்கும் பெயர் கிடையாது. சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகளில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2021-இல், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த பிறகு, எச்.ஆரிலிருந்து வந்த எக்செல் ஷீட்டில் புதிதாக ஒரு காலம், அதாவது நெடுவரிசை, முளைத்திருந்தது. 'கரண்ட் லொக்கேஷன்'. யார் யார் எந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்று நிரப்ப வேண்டும். அதற்குப் பக்கத்தில் ஊரின் தரவரிசைக்கு 'டயர்' என்று இன்னொரு காலம். சென்னை, பெங்களூரு, ஐதராபாத் எல்லாம் ஒன்று. கோவை, மதுரை, திருச்சி இரண்டு. மிச்சமுள்ள இந்தியா முழுக்க மூன்று. மூன்றாம் டயரில் விழுந்தவர்களுக்கு இன்க்ரிமென்ட் பாதி, ஸ்பெஷல் அலவன்சிலும் ஒரு வெட்டு. அடிப்படைச் சம்பளமான பேசிக்கில் கை வைக்கவில்லை. அதில் வைத்தால் பி.எஃப்., கிராஜுவிட்டி என்று எல்லாம் சேர்ந்து இழுபடும், நாலு பேர் கேள்வி கேட்பார்கள். ஸ்பெஷல் அலவன்ஸ் இருப்பதே இந்த மாதிரி நேரங்களில் சத்தமில்லாமல் குறைப்பதற்குத்தான் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம்.

தென்காசிப் பக்கம் கடையநல்லூரில் இருந்து வேலை பார்த்த ஒரு தம்பி பே ஸ்லிப் வந்த அன்றைக்கே போன் போட்டான். "அண்ணே, போன மாசம் பாத்த அதே வேலையத்தான் இந்த மாசமும் பாக்கேன். கிளையன்ட்கிட்ட என் பேர்ல போடுற பில்லக் கொறைச்சிட்டாங்களா?"

குறைக்கவில்லை. கிளையன்ட் நியூஜெர்சியில் இருந்தான், மணிக்கு இத்தனை டாலர் என்று முன்பு கொடுத்ததையே கொடுத்துக்கொண்டிருந்தான். கடையநல்லூருக்கும் சென்னைக் கந்தன்சாவடிக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

"அப்பம் அந்த மிச்சம் எங்க போவுது?"

பேரோல்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'இந்த ஊரில் இருந்துதான் வேலை பார்க்க வேண்டும்' என்று கம்பெனி சொன்னால், அந்த ஊருக்கான செலவைக் கம்பெனி தர வேண்டும். 'எங்கிருந்து வேண்டுமானாலும் பார்' என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் நான் எந்த ஊரில் தூங்குகிறேன் என்று கேட்கும் உரிமை அதற்குக் கிடையாது. ஆள் எடுக்கும்போது பேரம் பேசட்டும், அது வேறு. பேசி முடித்த சம்பளத்தில் வீட்டு முகவரி மாறியதற்காக வெட்டு விழக்கூடாது.

இது எங்கள் கம்பெனி எச்.ஆருக்குத் தானாக உதித்த யோசனையும் அல்ல. 2020 மே மாதம் ஃபேஸ்புக்கில் நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று மார்க் சக்கர்பெர்க் அறிவித்தபோதே, 2021 ஜனவரி 1 முதல் அவரவர் இருக்கும் இடத்துக்கு ஏற்பச் சம்பளம் மாறும், இடத்தைப் பற்றிப் பொய் சொன்னால் விளைவு கடுமையாக இருக்கும் என்றும் சேர்த்தே சொன்னார். விஎம்வேர் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவை விட்டு டென்வர் போனால் 18 சதவீதம் குறையும், சான் டியேகோ போனால் 8 சதவீதம். ஆன்லைன் பணப் பரிமாற்றக் கம்பெனியான ஸ்ட்ரைப் கொஞ்சம் தினுசானது: சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க், சியாட்டில் ஊர்களை விட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஒரே தடவையாக 20,000 டாலர் கையில் கொடுத்தது, ஆனால் அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம் வரை குறையும் என்றது. சீர் செய்து அனுப்பிவிட்டு மாதாமாதம் திரும்ப வாங்கிக்கொள்கிற ஏற்பாடு.

இதிலெல்லாம் எனக்கு மறக்காமல் இருப்பது கூகுள் போட்ட கணக்கு. இடம் மாறினால் சம்பளம் எவ்வளவு மாறும் என்று ஊழியர்களே பார்த்துக்கொள்ள ஒரு கருவியைச் செய்து வைத்தார்கள். 2021 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் அதிலிருந்து சில கணக்குகளை வெளியிட்டது. நியூயார்க் ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் ஸ்டாம்ஃபோர்டில் குடியிருக்கிறார் என்று வையுங்கள். கனெக்டிகட் மாநிலத்து ஊர், ரயிலில் ஒரு மணி நேரம். அவர் வீட்டிலிருந்தே வேலை என்று எழுதிக் கொடுத்தால் சம்பளத்தில் 15 சதவீதம் போகும். அதே ஆபீஸ், அதே வேலை, வீடு மட்டும் நியூயார்க் நகரத்துக்குள் என்றால் ஒன்றும் குறையாது. இத்தனைக்கும் ஸ்டாம்ஃபோர்டுக்காரர் தினமும் ரயிலேறி ஆபீஸ் வந்துகொண்டிருந்த காலத்தில் முழுச் சம்பளம்தான் வாங்கினார், அப்போதும் அவர் வீடு ஸ்டாம்ஃபோர்டில்தான் இருந்தது. வீட்டு வாடகை மாறவில்லை, பால் விலை மாறவில்லை, ரயில் டிக்கெட் வாங்குவது மட்டும்தான் நின்றது. அதற்கு 15 சதவீதமா?

கம்பெனிகள் சொல்லும் நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சின்ன ஊரில் செலவு கம்மி, அதனால் சம்பளமும் கம்மி. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நியாயத்தை அவர்களே வேறு எங்கேயும் கடைப்பிடிப்பதில்லை. எங்கள் ஆபீசிலேயே ஒரு மேனேஜர், மயிலாப்பூரில் அவர் அப்பா கட்டிய வீடு, வாடகை என்று ஒரு பைசா கிடையாது. அவர் டீமில் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பள்ளிக்கரணையில் வாடகை வீடு, பத்து மாத அட்வான்ஸைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு அதற்கும் தவணை போய்க்கொண்டிருந்தது. செலவைப் பார்த்துத்தான் சம்பளம் என்றால் மேனேஜருக்குக் குறைத்து இந்தப் பெண்ணுக்குக் கூட்டியிருக்க வேண்டும். அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஒருவர் போய் நின்றால் கூட்டித் தருவார்களா? "அது உங்க பர்சனல் சார்" என்பார்கள். செலவு கூடினால் என் பர்சனல், குறைந்தால் மட்டும் கம்பெனிக் கணக்கு.

உண்மையில் அவர்கள் பார்ப்பது செலவை அல்ல. அந்த ஊரில் உனக்கு வேறு யார் வேலை தருவார், அவர் எவ்வளவு தருவார் என்பதைத்தான். கிட்லேப் இதை ஒளிக்காமல் சொன்னது. ஆபீஸே இல்லாமல் உலகம் முழுக்க ஆள் வைத்து நடத்திய கம்பெனி அது. எந்த ஊருக்கு என்ன விகிதம் என்று கணக்கைப் பொதுவில் போட்டது, நாங்கள் தருவது அந்த ஊர்ச் சந்தையில் அந்த வேலைக்கு ஓடும் விலை, வாழ்க்கைச் செலவு அல்ல என்றும் எழுதி வைத்தது. எனக்கு அந்த விகிதங்கள் பிடிக்காமல் போகலாம், ஆனால் பேச்சு நேர்மையாக இருக்கிறது. சந்தை விலை என்று சொல்லிவிட்டால் நானும் சந்தைக்காரன் மாதிரியே பதில் சொல்லலாம் அல்லவா?

கடையநல்லூர்த் தம்பி அதைத்தான் செய்தான். ஐதராபாத் கம்பெனி ஒன்று, முகவரி எதற்கும் சம்பந்தமில்லை என்றது, சில மாதங்களில் அங்கே போய்விட்டான். போனான் என்றால், அதே வீட்டில் அதே நாற்காலியில் லேப்டாப் மட்டும் மாறியது. அவன் இடத்துக்குச் சென்னையில் ஆள் எடுத்தார்கள், அந்த ஆளுக்கு ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பிரித்துப் போட்டது நான்தான். வெட்டுவதற்கு முன்பு தம்பி வாங்கிய சம்பளத்தைவிட அது கணிசமாக அதிகம். இந்த நஷ்டத்துக்கு எந்த ஷீட்டிலும் ஒரு காலம் கிடையாது.

சரி, நம் ஊரில் ஊர் பார்த்துச் சம்பளம் தருவது புதுசா என்றால், இல்லவே இல்லை. மத்திய அரசு ஊழியர்களைக் கேளுங்கள். எக்ஸ், ஒய், இசட் என்று ஊர்களுக்கு வகுப்பே உண்டு. மக்கள்தொகை 50 லட்சத்துக்கு மேல் என்றால் எக்ஸ். நாட்டில் அப்படி எட்டு நகரங்கள், தமிழ்நாட்டில் சென்னை மட்டும். 5 லட்சத்துக்கு மேல் என்றால் ஒய். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு. மற்றதெல்லாம் இசட். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரியிலிருந்து வீட்டு வாடகைப்படி (எச்.ஆர்.ஏ.) பேசிக்கில் 30, 20, 10 சதவீதம். அரசுச் சம்பள அட்டவணையில் லெவல் 7-இல் புதிதாகச் சேருகிறவருக்கு பேசிக் 44,900 ரூபாய் என்றால், சென்னையில் எச்.ஆர்.ஏ. 13,470, மதுரையில் 8,980, தென்காசியில் 4,490. சென்னைக்கும் தென்காசிக்கும் மாதம் 8,980 ரூபாய் வித்தியாசம். சின்னத் தொகை இல்லை.

ஆனாலும் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பொருமி நான் கேட்டதில்லை. பேசிக் நாடு முழுக்க ஒன்று, அகவிலைப்படியும் ஒன்று, மாறுவது பெரும்பாலும் வாடகைக்கான தொகை, அதுவும் பே ஸ்லிப்பில் தனி வரியாக, விகிதம் ஊருக்கே தெரிந்ததாக இருக்கிறது. அதைவிட முக்கியம், அரசு பார்ப்பது பணியிடத்தை. வீட்டை அல்ல. நுங்கம்பாக்கம் வருமானவரி ஆபீசில் வேலை பார்க்கிற ஒருவர் செங்கல்பட்டில் வீடு பிடித்து தினமும் மின்சார ரயிலில் வந்து போனால், அவருக்குச் சென்னை எச்.ஆர்.ஏ.தான். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் வாடகை கம்மியாச்சே, கொஞ்சம் குறைத்துக்கொள்வோம் என்று எந்தக் கணக்கு அதிகாரியும் வருவதில்லை. அவர் மிச்சம் பிடிப்பது அவருடைய அலைச்சலுக்குக் கிடைத்த கூலி. கூகுளின் ஸ்டாம்ஃபோர்டுக்காரர் இந்திய அரசில் வேலை பார்த்திருந்தால் தப்பித்திருப்பார்.

அமெரிக்க மத்திய அரசும் ஏறக்குறைய இப்படித்தான். ஊருக்கு ஊர் சம்பளத்தில் ஒரு கூடுதல் விகிதம் உண்டு, 1994 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு எந்த ஊர்க் கணக்கு என்பதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: இரண்டு வாரச் சம்பளக் காலத்தில் இரண்டு தடவையாவது ஆபீசுக்கு வந்தால் ஆபீஸ் இருக்கும் ஊர், வராவிட்டால் வீடு இருக்கும் ஊர். எனக்கு இதில் பாதிதான் சம்மதம், ஆனால் விதி என்று ஒன்று எழுத்தில் இருக்கிறது.

இன்னொரு விஷயம், நம் மத்திய அரசில் கஷ்டமான இடங்களுக்குத் தனிப்படி உண்டு. மலை, தீவு, எட்டாக்கை ஊர்கள். செலவைப் பார்த்துச் சம்பளம் என்றால் கடை கண்ணியே இல்லாத ஊரில் குறைத்தல்லவா தர வேண்டும்? கூட்டித் தருகிறார்கள், ஏனென்றால் இல்லாவிட்டால் யாரும் போக மாட்டார்கள்.

இப்போது எனக்கே சங்கடமான பகுதிக்கு வருகிறேன். ஊர் எதுவானாலும் ஒரே சம்பளம் என்றால், அது எந்த ஊர்ச் சம்பளம்? பேஸ்கேம்ப் மாதிரி ஒரு சின்னக் கம்பெனி, எல்லோருக்கும் சான் பிரான்சிஸ்கோ சந்தையின் மேல்மட்ட விலையைத் தந்தது, ஆள் எங்கே இருந்தாலும் சரி என்று. சில பத்துப் பேரை வைத்துக்கொண்டு நல்ல லாபம் பார்ப்பவர்களால் அது முடியும். ரெட்டிட் 2020-இல் ஊர்வாரியான சம்பள மண்டலங்களை நீக்கியது, அமெரிக்காவுக்குள் மட்டும். ஏர்பிஎன்பி 2022-இல் நாட்டுக்குள் எங்கே போனாலும் சம்பளம் மாறாது என்றது, நாட்டுக்குள் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். எல்லை தாண்டியும் ஒரே சம்பளம் என்று பெரிய கம்பெனிகள் சொல்வதில்லை.

சொல்லியிருந்தால் ஓ.எம்.ஆரே இருந்திருக்காது. நாம் மலிவு என்பதால்தான் வேலை இங்கே வந்தது. கலிபோர்னியாவின் சன்னிவேல் சம்பளத்தைச் சோழிங்கநல்லூரிலும் தர வேண்டும் என்று சட்டம் வந்தால், அந்த வேலை சன்னிவேலிலேயே இருந்துவிடும். கடையநல்லூருக்குக் குறைப்பது அநியாயம் என்று கத்துகிற சென்னைக்காரன், தன் சம்பளம் முழுக்க முழுக்க ஊர் பார்த்துப் போட்ட சம்பளம் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறான். நானும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன். அதனால்தான் உலகம் முழுக்க ஒரே கூலி என்றெல்லாம் நான் கேட்கவில்லை. வேலைக்கு எடுக்கும்போது சந்தை விலை பேசுவது வேறு, ஒப்புக்கொண்ட விலையை வீட்டு முகவரி மாறியதற்காக வெட்டுவது வேறு. முதலாவதில் நான் வேண்டாம் என்று எழுந்து போகலாம். இரண்டாவதில் வீட்டுக்கடன், பிள்ளையின் ஸ்கூல் பீஸ் எல்லாம் அந்தச் சம்பளத்தை நம்பி ஓட ஆரம்பித்த பிறகு வந்து பேசுகிறார்கள்.

அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது இன்னும் இறுக்கம். அந்த விசாவில் சம்பளத்தின் கீழ்வரம்பே வேலை நடக்கும் வட்டாரத்தை வைத்துத்தான் கணக்கு. வீட்டிலிருந்து வேலை என்றால் வீடே பணியிடம். 2015-இல் சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, பணியிடம் அந்தப் பெருநகர வட்டாரத்தைத் தாண்டினால் கம்பெனி திருத்திய மனு போட வேண்டும். கலிபோர்னியாவில் இருந்து டெக்சஸுக்கு வீடு மாற்றுவதென்றால், லாரிக்காரனைக் கூப்பிடுவதற்கு முன்னால் வக்கீலைக் கூப்பிட வேண்டும்.

செலவு கம்மி, செலவு கம்மி என்கிறார்களே, அந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். வாடகை மிச்சம், உண்மைதான். ஆனால் ஓ.எம்.ஆர். ஆபீசில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும், யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. சின்ன ஊரில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் மதியம் 2 மணிக்கோ சாயங்காலமோதான் வரும். அதற்குச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் பற்றாது, பெரிய டியூபுலர் பேட்டரி வேண்டும். ஃபைபர் ஒரு கனெக்ஷன் போதாது, பள்ளம் தோண்டுகிறவன் என்றைக்கு வெட்டுவான் என்று தெரியாது, ஆகவே இரண்டு. மாதம் ஒரு தடவை ஆபீசுக்கு வா என்றால் பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட், தட்கல் என்றால் இன்னும் கூட, அப்புறம் எழும்பூரில் இருந்து ஆட்டோ, தங்க இடம். கரண்டும் இணையமும் முன்பு கம்பெனி செலவு. ஒரு ஆளுக்கான சீட்டு வாடகை, ஏ.சி., கேப், கேன்டீன் மானியம் எல்லாம் கம்பெனிக்கு மிச்சமானது. எச்.ஆர். அனுப்பிய ஷீட்டில் அதற்கும் காலம் இல்லை.

இப்படி ஒரு விதி வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாதா? வாடகை ரசீதில் பழகிய கைகள் நமக்கு. பழைய வருமானவரி முறையில் எச்.ஆர்.ஏ. விலக்கு வாங்க, மாமா வீட்டுக்கு மருமகன் வாடகை கட்டுவதாக ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீதுகளை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போனால் வீட்டுக்காரர் பான் நம்பர் வேண்டும் என்பதால் மாத வாடகை எத்தனையோ வீடுகளில் கச்சிதமாக 8,333 ரூபாயில் நிற்கும். அதே திறமை இங்கேயும் வந்தது. சித்தப்பா பையன் மடிப்பாக்கத்தில் இருக்கிறான், அவன் வீட்டு முகவரியில் ஒரு வாடகை ஒப்பந்தம், முடிந்தது. கம்பெனி சும்மா இருக்குமா, ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழைகிற வி.பி.என். பதிவில் ஐ.பி. முகவரியைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கத் தொடங்கியது. வேலையை முடித்தானா என்று பார்க்க வேண்டியவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டானா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் போலீஸ் வேலைக்கு ஆன ஆள் சம்பளத்தைக் கூட்டினால் மூன்றாம் டயர் வெட்டில் எவ்வளவு தேறியிருக்கும் என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

'அவர்களாகத்தானே ஊருக்குப் போனார்கள், அவர்கள் விருப்பம்' என்று ஒரு வாதம் வரும். அந்த டயர் மூன்று பட்டியலை வரிவரியாக நிரப்பியவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பாதிக்கு மேல் விருப்பமே இல்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், குழந்தையைப் பார்க்கச் சென்னையில் ஆள் கிடைக்காமல் அங்கேயே தங்கிவிட்ட பெண்கள். கொரோனாவில் அப்பா போய், அம்மாவைத் தனியே விட முடியாமல் இருந்துவிட்ட ஒற்றைப் பிள்ளைகள். காலில் பிளேட் வைத்த ஒருவர். சும்மா தோட்டம் துரவு என்று போனவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை, அவர்களை எனக்கும் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் வெட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் விழுந்தது.

இப்போது காற்று வேறு பக்கம் வீசுகிறது. 2025-இல் 25 சதவீதம் பேர் மட்டும் ஆபீசில் இருந்தால் போதும் என்று 2020-இல் சொன்ன டி.சி.எஸ்., 2023 அக்டோபரிலேயே வாரம் ஐந்து நாளும் வா என்றது. அடுத்த வருடம் வருகை 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் காலாண்டு வேரியபிள் பே கிடையாது என்றும் ஆனது. ஆளின் முகவரியில் இருந்து பஞ்சிங் மெஷினுக்குக் கணக்கு மாறியிருக்கிறது. இன்னொரு பக்கம் ஆபீசே சின்ன ஊருக்கு வருகிறது: ஸோஹோ பல வருடங்களாகத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கிறது, 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஊர்களில் மினி டைடல் என்ற ஐ.டி. பூங்காக்கள் திறந்தன. நல்ல விஷயம்தான். அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகள் அந்த ஊர் விலைக்குச் சேருவார்கள், பிறகு ஒரு நாள் 'சென்னைக்கு வா' என்று மாற்றுவார்கள். கடையநல்லூருக்குப் போனவனுக்கு அடுத்த மாதமே குறைத்த கம்பெனிகள், தஞ்சாவூரில் இருந்து வருகிறவனுக்கு அடுத்த மாதமே கூட்டுமா? பேரோலில் உட்கார்ந்து பார்த்த வரையில், குறைப்பதற்கு ஒரு மெயில் போதும், கூட்டுவதற்கு மட்டும் அப்ரைசல் சைக்கிள் வர வேண்டும்.

ஆகவே ஆஃபர் லெட்டர் வந்தால் சி.டி.சி. என்கிற மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 'பணியிடம்' என்று ஒரு பத்தி இருக்கும். அதில் கம்பெனி தன் விருப்பப்படி பணியிடத்தை மாற்றலாம், அதற்கேற்பச் சம்பளக் கூறுகளையும் மாற்றலாம் என்று ஒரு வாக்கியம் ஒட்டிக்கொண்டிருந்தால், மாறினால் எந்தத் தலைப்பில் எத்தனை சதவீதம், கூடும்போதும் அதே கணக்குதானா என்று மெயிலில் கேளுங்கள். முதலில் 'ஸ்டாண்டர்ட் கண்டிஷன்தான் சார், எல்லாருக்கும் இருக்கறதுதான்' என்பார்கள். இன்னொரு தடவை கேளுங்கள். சேருவதற்கு முன்னால் கேட்டால் பதில் எழுதுவதற்கு ஒரு ஆள் இருப்பார். சேர்ந்த பிறகு கேட்டால் கம்ப்யூட்டரில் புகார் டிக்கெட் போடச் சொல்வார்கள், அந்த டிக்கெட் சுற்றிச் சுற்றி என் மேசைக்குத்தான் வரும், அதை மூடுவதைத் தவிர எனக்கு அங்கே வேறு பட்டன் கிடையாது.